வெள்ளை டூட்டூவில் ஒரு பொட்டு மஞ்சள்

உடுப்புத் தைக்கிறவளுக்கு ஒரு சாபம் உண்டு: எந்த ஆட்டத்தைப் பார்க்கப் போனாலும் ஆடுகிறவளின் முகம் கண்ணில் படாது, அக்குளுக்குக் கீழே தையல் இழுக்கிறதா என்பதுதான் படும். தான் பெருத்ததை ஒத்துக்கொள்ளாமல் ‘போன முறை நீங்கள் தைத்த சட்டை சுருங்கிவிட்டது’ என்று வந்து நிற்கிறவர்களுக்குச் சிரித்துக்கொண்டே மறுபடியும் அளவெடுத்த சகோதரிகள் எல்லோருக்கும் இந்தச் சாபம் தெரிந்திருக்கும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் வதனி. மொன்றியலுக்கு வந்த புதிதில் ஒரு தொழிற்சாலையில் ஜீன்சுக்குப் பொக்கற் தைத்தேன். அது மூடிய பிறகு, லவாலிலும் இங்கேயும் அரங்கேற்றப் பிள்ளைகளுக்குப் பரதநாட்டிய உடுப்புத் தைத்தேன். இப்போது செயின்ட்-மிஷேலில், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பலே நடனத்துக்கு உடுப்புத் தைக்கிற பட்டறை ஒன்றில் வேலை. பட்டறைக்குத் தலைவி லூசி. உடுப்புகளை வரைந்து கொடுக்கிறவர் எதியென். போன குளிர்காலம் ஒரு நடனக்குழு, மேடைகளில் காஸ் விளக்கு எரிந்த காலத்துப் பலே ஒன்றை அந்தக் காலத்து உடுப்போடேயே திரும்ப ஆடப்போவதாகச் சொல்லி எங்களிடம் வந்தது. அந்தக் குளிர்காலத்துக் கதைகள்தான் இவை. எல்லோரும் கதைத்தது பிரெஞ்சு. ஆனால் என் காதுக்குள் போகும்போது அது எங்கள் தமிழாகிவிடும், ஆகவே அப்படியே தருகிறேன்.

கணுக்கால் பார்க்க வந்த சனம்

பலே உடுப்பென்றால் இடுப்பைச் சுற்றித் தட்டு மாதிரி விறைத்து நிற்கிற குட்டைப் பாவாடை, அதற்குப் பெயர் டூட்டூ, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. எதியென் கொண்டுவந்த படங்களில் டூட்டூ முழங்காலையும் தாண்டி, மணியைக் கவிழ்த்த மாதிரித் தொங்கியது. அதற்கு முன்னர் இன்னும் நீளமாம். கால்விரல் நுனியில் நிற்கிற வித்தை வந்த பிறகு, அந்தக் காலைக் காட்டாமல் என்ன பிரயோசனம் என்று பாவாடையை மேலே ஏற்றினார்களாம். ஏறி ஏறித்தான் கடைசியில் தட்டாகிவிட்டது. எனக்கு இது பெரிய புதினமாக இருந்தது. பரத உடுப்பில் நாங்கள் முன்னுக்கு விசிறி மடிப்பு வைப்பதும், பிள்ளை அரைமண்டியில் இருக்கும்போது கால் செய்கிற வேலை தெரியவேண்டும் என்றுதானே. எந்த நாடென்றாலும் தையல்காரியின் தலையெழுத்து ஒன்றுதான்: காலை மூடவும் வேண்டும், காட்டவும் வேண்டும்.

ஒரு கேள்விக்குப் பதில் வந்தால் எனக்கு அடுத்தது முளைத்துவிடும். அந்தக் காலத்துச் சனம் ஆட்டத்தைப் பார்க்க வந்ததா, கணுக்காலைப் பார்க்க வந்ததா? பெண்களும் வந்தார்களா? மேல்சட்டைக்குள் கம்பி மாதிரி எலும்பு வைத்து இறுக்கிக்கொண்டு எப்படி மூச்சு விட்டார்கள்? எதியென்னுக்கும் சொல்லச் சொல்ல அலுக்காது. இதற்கிடையில் என் மேசையில் தைக்காத நெட் துணி மலையாகக் குவிந்துவிட்டது. இந்த ஊரில் தலைவியையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடவேண்டும். எனக்கு அது இன்னும் வாயில் வராது, லூசிக்கு என்னைக் கூப்பிடுவதில் அப்படி ஒரு கஷ்டமும் இல்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்துச் சொன்னது இது: “கேள்வி எவ்வளவும் கேள் வதனி, ஆனால் வாய் ஓடேக்கை கையும் ஓடோணும்.”

பெட்டியில் வந்த தோல்

‘தோல் நிறம்’ என்று எழுதிய பெட்டியில் ஒரு நெட் துணி வரும். தோளிலும் முதுகிலும் இதை வைத்துத் தைத்தால், தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்குத் துணி தெரியாது, வெறும் தோள்தான் தெரியும். பெட்டியைத் திறந்தால் உள்ளே வெளிறிய ரோசா. எங்களுடைய ஆட்டத்தில் முதல் வேடம் கிடைத்த பிள்ளையின் பெயர் மிர்லாந். பெற்றோர் ஹெயிட்டியிலிருந்து வந்தவர்கள்; பிள்ளை செயின்ட்-மிஷேலில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவள். கன காலம் கூட்டத்தில் ஒருத்தியாகப் பின்வரிசையில் ஆடியவளுக்கு இதுதான் முதல் பெரிய வேடம். அவளுடைய கறுத்த தோளில் அந்த ரோசாத் துணியை வைத்துப் பார்த்தேன். காயத்துக்குப் பிளாஸ்ரர் ஒட்டிய மாதிரி இருந்தது.

எதியென் சாயம் ஓடர் பண்ணலாம் என்றார். அது வந்து சேரும் வரைக்கும் எனக்குப் பொறுமையில்லை. பட்டறைக் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து, தேயிலையை அள்ளிப்போட்டு, ஒரு துண்டு நெட்டை அதற்குள் அமிழ்த்தினேன். முதல் தோய்ப்பில் துணி என் நிறத்துக்கு வந்தது. கோப்பித்தூளும் சேர்த்துத் திரும்பத் தோய்க்க, அவள் நிறத்துக்குக் கிட்ட வந்தது. மிஞ்சிய சாயத்தில் அவளுடைய சப்பாத்து நாடாவையும் போட்டு எடுத்தேன். மிர்லாந் கண்ணாடிக்கு முன்னால் நின்று, துணி எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தடவித் தேடினாள். பிறகு என்னைத் திரும்பிப் பாராமல், கண்ணாடியைப் பார்த்தே சொன்னாள்: “சின்ன வயசிலையிருந்து வேறை ஆற்றையோ தோலைப் போட்டுக்கொண்டுதான் ஆடியிருக்கிறன்.”

எரிந்த பாவாடைகள்

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் புட்டுப் பெட்டியைத் திறக்க, எதியென் அந்தக் காலத்து விளக்குகளைப் பற்றித் தொடங்கினார். மிர்லாந்தும் அளவு பார்க்க வந்து எங்களோடு இருந்தாள். மேடை விளிம்பில் வரிசையாகக் காஸ் சுடர்கள் எரியுமாம். அதற்குப் பக்கத்தில் காற்றில் பறக்கிற மெல்லிய பாவாடை. ஒருமுறை கூடுதலாகச் சுழன்றால் போதும். அப்படி மேடையிலேயே தீப்பிடித்து எரிந்துபோன பெண்கள் ஒருவர் இருவர் இல்லையாம். எனக்குப் புட்டு இறங்கவில்லை.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்களாம். துணியை ஒரு மருந்துத் தண்ணீரில் தோய்த்து எடுத்தால் லேசில் தீப்பிடிக்காது. ஆனால் தோய்த்த துணி விறைத்துப்போகும், வெள்ளை மங்கி மஞ்சள் அடிக்கும். அதனால் சிலர் அதை உடுக்கவே மாட்டோம் என்று நின்றார்களாம். மேடையில் அவர்கள் ஆவியாகவும் தேவதையாகவும் வருகிறவர்கள். ஆவி மஞ்சளாக வரலாமா? எதியென்னும் மனதுக்குள் அந்தப் பெண்களின் கட்சிதான். எங்களுடைய உடுப்புக்கு வெள்ளை தேடி, கொண்டுவந்த ‘சாற்றின்’ என்கிற மினுங்கல் துணியெல்லாவற்றையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்து, இது பால், இது எலும்பு, இது பழஞ்சீலை என்று கழித்துவிட்ட மனிசன். ‘வெள்ளைக்காக உயிரையே விட்டிருக்கிறார்களே’ என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். லூசி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர், நிமிரவில்லை. “இப்பவும் விடுகினம்தான். இப்ப நெருப்பில்லை, மெலியோணும் எண்டு பட்டினி.”

ஆற்றை கண்ணிலை படப்போகுது

மார்ச் மாதம் மிர்லாந்தின் உடுப்பு முடிந்தது. புது உடுப்பை முதன்முதல் உடுக்குமுன் அதன் மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைப்பது எங்களுடைய பழக்கம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அரங்கேற்ற உடுப்புகளையும் நான் மஞ்சள் வைத்துத்தான் கொடுப்பேன். வைக்காவிட்டால், கடைசிக் கொக்கியைத் தைக்காமல் விட்டதுபோல மனம் அரித்துக்கொண்டே இருக்கும். ஒளிச்சு மறைச்சுச் செய்ய எனக்கு விருப்பமில்லை. நேரே லூசியிடம் போய்க் கேட்டேன். அவர் ஏன், எதற்கு என்று கேட்டுவிட்டு, தான் வேலை பழகிய இடத்தில் ஒரு தையல்காரி ஒவ்வொரு உடுப்பிலும் தன் தலைமயிர் ஒன்றை வைத்துத் தைப்பாள் என்று சொன்னார். அதைவிட மஞ்சள் சுத்தமாம்.

அப்போது மிர்லாந்தும் அங்கே நின்றாள். எனக்குக் கட்டாயம் வையுங்கோ என்றாள். அவளுடைய தாய் லவாலில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை, பின்னேரமும் இரவும்தான் முறை. மகள் பலே ஆடுவதை இதுவரை ஒருநாளும் மேடையில் பார்த்ததில்லை. கடைசி வரிசையில் நிற்கிறவளைப் பார்க்க யாராவது லீவு கேட்பார்களா என்பது தாயின் வாதம். முதல் வேடம் என்றதும் தானே போய்க் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை, முதல் ஆட்டத்துக்கு மட்டும் லீவு கிடைத்திருக்கிறது. மற்ற நாளெல்லாம் வேலை. இதைக் கேட்ட பிறகு மஞ்சள் வைக்காமல் விடுவேனா? மேல்சட்டையின் உள்துணியில், இடப்பக்கம் விலாவோரமாக, மல்லி விதையளவில் ஒரு பொட்டு வைத்தேன். லூசி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “உள்ளுக்குத்தானே. ஆற்றை கண்ணிலை படப்போகுது?”

லூசியின் வொட்கா

இந்த உடுப்புகளைத் தோய்க்க முடியாது. எலும்பும் பசையும் அடுக்கடுக்காக நெட்டும் உள்ளதைத் தண்ணீரில் போட்டால் அதோடு சரி. ஆனால் ஆடுகிறவள் குளித்த மாதிரி வேர்ப்பாள். அதற்கு மேடைக்காரரிடம் ஒரு மருந்து உண்டு: மலிவான வொட்காவைப் போத்தலில் விட்டு, அக்குளிலும் உள்துணியிலும் விசிறிக் காயவிடுவது. நாற்றம் போய்விடும். செவ்வாய்க்கிழமை உடுப்போடு ஒத்திகை. முடிந்ததும் லூசி வழக்கம்போலத் தாராளமாக விசிறிவிட்டு வீட்டுக்குப் போனார். மஞ்சளுக்குப் பச்சைத்தண்ணீரோடு அவ்வளவு ஒட்டில்லை, சாராயத்தைக் கண்டால் கரைந்து ஓடும். புதன்கிழமை காலை பார்த்தால், என் மல்லி விதை உள்துணியைத் தாண்டி வெள்ளைச் சாற்றினில் உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருக்கிறது. நான் கோட்டைக் கழற்றிவிட்டு வருவதற்குள் லூசி சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டார். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்பது எங்கள் அடுப்படிகளில் எல்லோருக்கும் தெரியும். லூசியின் அடுப்படியில் மஞ்சளே இல்லை, பாவம். விலாவில் கத்தி பட்டவள் மாதிரி உடுப்பு நின்றது.

அந்தச் சாற்றினில் மிச்சம் ஒரு சாண்கூட இல்லை, மேலே ஒட்டுப் போட்டால் ஒட்டுத் தெரியும். அதே வேடத்தை இரண்டாம் நாள் ஆட இன்னொரு நாட்டியக்காரி இருந்தாள். அவளுடைய உடுப்பு பழுதில்லாமல் இருந்தது, ஆனால் அவள் மிர்லாந்தை விட ஒரு தலை உயரம், உடுப்பை மாற்றிப் போட வழியில்லை. இருவரும் ஆடுகிற நாட்களை மாற்றிவிடலாம் என்றால் அது அந்தக் குழுவுக்குக் கஷ்டமில்லை. மிர்லாந்தின் தாய்க்கு மட்டும்தான் வெள்ளிக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை. எதியென் வந்து பார்த்தார். தான்தான் மஞ்சள் வைக்கச் சொன்னது, தான்தான் தேய்த்தது என்று லூசி முந்திக்கொண்டு சொன்னார். எதியென் யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். “வெள்ளிக்கிழமை காலமை நான் வரேக்கை இது வெள்ளையா இருக்கோணும். இல்லையெண்டால் முதல் நாள் மற்றவள் ஆடட்டும்.”

எங்கள் வீட்டுக் கொடி

எலுமிச்சம் புளி விட்டு ஒற்ற, சிவப்பு இறங்கிப் பழையபடி மஞ்சளானது. இனி மஞ்சளைப் போக்க எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வெயில். மார்ச் மாதத்து மொன்றியலில் வெயிலுக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்பீர்கள். குளிர் குறையாவிட்டாலும் வெயிலுக்குக் குறைவில்லை, கீழே கிடக்கிற பனி பட்டு இன்னும் இரண்டு மடங்காகக் கண்ணைக் கூசும். பட்டறை ஜன்னல்கள் எல்லாம் வடக்கைப் பார்த்தவை. என் வீட்டுப் பின்பல்கனியோ தெற்கைப் பார்த்தது, கப்பி போட்டு இழுக்கிற உடுப்புக் கொடியும் உண்டு. உடுப்பைப் பெட்சீற்றால் சுற்றி, லூசியின் காரில் பிள்ளையைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோனோம். பாவாடையை மேலே சுருட்டிக் கட்டி, விலாப்பக்கம் வெயிலைப் பார்க்கக் கொடியில் விட்டோம்.

புதன் பின்னேரமும் வியாழன் முழுக்கவும் நானும் லூசியும் மாறி மாறிக் காவல். பனிக்கோட்டும் தொப்பியும் போட்டு, பல்கனியில் கதிரை போட்டு, பால் விடாத பிளேன்ரீ குடித்துக்கொண்டு, புறாக்களைத் துரத்திக்கொண்டிருந்தோம். மூக்கு விறைத்தாலும் கண் அந்த மஞ்சளை விட்டு எடுபடவில்லை. குறைகிறது போலவும் இருக்கும், குறையாதது போலவும் இருக்கும். நான் வாய்க்குள் பிள்ளையாரைக் கும்பிட்டேன். லூசி கும்பிட்டது யாரை என்று கேட்கவில்லை, ஆனால் உதடு அசைந்தது. கீழ்வீட்டுச் செல்வராசா அண்ணை பனி தள்ள வெளியே வந்தவர், அண்ணாந்து வெள்ளை உடுப்பைப் பார்த்தார், வெள்ளைக்கார மனிசியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துக் குறையாகச் சொன்னார்: “ஆருக்குப் பிள்ளை கலியாணம்? கீழ்வீட்டிலை இருக்கிறம், எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.”

மிஞ்சிய மஞ்சள்

வெள்ளி காலை உடுப்பைப் பட்டறையில் விளக்குக்குக் கீழே நிறுத்தினோம். வெயில் தன்னால் முடிந்ததைச் செய்திருந்தது. ஆனால் முழுக்க இல்லை. தெரியாதவர் பார்த்தால் நிழல் என்பார். எதியென் தெரியாதவர் இல்லை. அவர் கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், விளக்கை நூர்த்து, பகல் வெளிச்சத்தில் பார்த்தார். இது வெள்ளையில்லை என்றார். லூசி ஊசிப்பெட்டியைத் திறந்து திறந்து மூடினார். தாய்க்கு இன்னும் சொல்லவில்லை என்று மிர்லாந் காலையில் என்னிடம் சொல்லியிருந்தாள்.

மிர்லாந் கெஞ்சுவாள் அல்லது அழுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் உடுப்பைத் தையல் பொம்மையிலிருந்து எடுத்து, தன் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு எதியென்னைக் கேட்டாள்: அந்தக் காலத்து உடுப்புத்தானே உங்களுக்கு வேணும்? அந்தக் காலத்திலை உயிரோடை வீட்டுக்குப் போனவளின்ரை உடுப்பு என்ன நிறம்? தான் சாப்பாட்டு மேசையில் சொன்ன கதை தன்னிடமே திரும்பி வந்ததை எதியென் நினைத்தாரோ, அவள் உடுப்பை விடாமல் பிடித்திருந்ததைக் கண்டாரோ, எனக்குத் தெரியாது. கடைசியாக இன்னொருமுறை அந்த மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு லூசிப் பக்கம் திரும்பினார். “சரி. கொக்கியைப் பூட்டிப் பாருங்கோ.”

தாய் கேட்ட கேள்வி

வெள்ளி பின்னேரம் நான் மேடைக்குப் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால், ஊசியும் நூலும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மிர்லாந் கடைசி நேரத்தில் என் கையைப் பிடித்து ஒருமுறை இறுக்கிவிட்டு வெளிச்சத்துக்குள் போனாள். பிறகு வாத்தியம் கேட்டது, மரத்தில் சப்பாத்து நுனி தட்டுவது கேட்டது, கைதட்டல் கேட்டது. நான் கண்டதெல்லாம் இடது விலா மட்டும்தான். கை உயர உயர, அங்கே மஞ்சள் தெரிகிறதா, தையல் இழுக்கிறதா, வேர்வையில் திரும்பப் படர்கிறதா. படரவில்லை. திரை விழுந்தபோது என் கன்னம் நனைந்திருந்தது, ஏனென்று கேட்டால் தையல் தாங்கிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பேன்.

சனம் கலைந்த பிறகு தாய் உள்ளே வந்தார். உயரமான மனிசி, கோவிலுக்கு உடுக்கிற மாதிரி உடுத்தியிருந்தார். மகளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிய கையோடு, நேரே இடப்பக்கத்தைத் திருப்பி அந்த இடத்தில் விரலை வைத்தார். வெள்ளை விரிப்புகளைப் பார்த்தே வயது போனவர், எத்தனையாவது வரிசையில் இருந்தாலும் அவருக்குத் தெரியாமல் போகுமா? நான் மஞ்சள் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார். மகள் உடுப்பு மாற்ற அந்தப்பக்கம் போனதும், என் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “முகத்தைப் பாத்தால் அழுதிடுவன் எண்டு முழுநேரமும் அந்த மஞ்சளைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் கிட்ட நிண்டு பாத்தனீங்கள்தானே, பிள்ளை நல்லா ஆடினவளோ?”

அன்று மண்டபம் நிறைந்த சனத்துக்குள் மிர்லாந்தின் ஆட்டத்தைப் பார்க்காதவர்கள் இரண்டே பேர், பெற்றவளும் தைத்தவளும், என்றாலும் சகோதரிகளே, ‘அருமையா ஆடினவள்’ என்று ஒருத்தி மற்றவளுக்குச் சொல்ல, மற்றவள் அதை அப்படியே நம்பி சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.